எண்டோஸ்கோப்பின் உள்பக்கத்தைக் கழுவுவது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

எண்டோஸ்கோப்பி அறையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஸ்கோப்பைக் கொடுத்துக் கழுவச் சொன்னால், முதலில் அந்தக் கறுப்புக் குழாயின் வெளிப்பக்கத்தைத்தான் தேய்ப்பார். அது பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்பார். முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, துணிக்கு எட்டுகிறது. ஆனால் ரத்தமும் சளியும் மலமும் போய்த் தங்குவது உள்ளே ஓடும் சேனல்களில். வயிற்றைப் பார்க்கும் ஸ்கோப்பில் பயாப்ஸி சேனலின் விட்டம் பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் இருக்கிறதே, ஏறக்குறைய அந்தக் கனம். அவ்வளவு சிறிய துளை ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, கைப்பிடிக்குள் வளைந்து கிளை பிரிந்து போகிறது.

அந்தத் துளையைக் கழுவுவது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். டெக்னீஷியனாகவோ நர்ஸாகவோ கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் பிரிவான சிஎஸ்எஸ்டியின் ஊழியராகவோ முதல் மாதத்தில் இருப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி கொடுத்த கையேடு இருக்கும். நான் சொல்வதும் கையேடு சொல்வதும் எங்காவது மாறினால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாப் படிகளும் தானாகப் புரியும். நோயாளியிடமிருந்து ஸ்கோப் வெளியே வந்த நேரத்திலிருந்து கழுவி முடிக்கும்வரை சேனல் காயவே கூடாது. கிருமிநீக்கம் முடிந்து அலமாரியில் தொங்கும்போது சேனலுக்குள் துளி ஈரமும் இருக்கக்கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் நடுவில் செய்த வேலை வீண்.

உள்ளே எத்தனை பாதைகள்?

கழுவும் முன் ஸ்கோப்பின் படத்தை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். கையேட்டில் குறுக்குவெட்டுப் படம் இருக்கும். எனக்குப் பழக்கிய சீனியர் அக்கா முதல் நாள் தண்ணீரையே தொட விடவில்லை, வரையத்தான் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் பின்னால் எவ்வளவோ உதவியது.

முதல் பாதை பயாப்ஸி சேனல். கைப்பிடிக்குக் கீழே, திசுத் துணுக்கு எடுக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸை நுழைக்கும் வாயிலிருந்து நுனிவரை போகும். இதே சேனல்தான் சக்ஷன் சேனலும். டாக்டர் சக்ஷன் பட்டனை அழுத்தினால் வயிற்றில் இருப்பது நுனி வழியாக ஏறி, கைப்பிடியில் உள்ள சக்ஷன் வால்வைத் தாண்டி, லைட் சோர்ஸுக்குப் போகும் கேபிளுக்குள் இறங்கி, கனெக்டர் வழியாக சக்ஷன் ஜாருக்குப் போகிறது. அதாவது நோயாளியின் உடம்புக்குள் போகாத அந்தக் கேபிளுக்குள்ளும் அழுக்கு ஓடுகிறது. புதியவர்கள் மறப்பது இந்தப் பாதியைத்தான்.

அடுத்து காற்றுக்கும் தண்ணீருக்குமான இரண்டு மெல்லிய சேனல்கள். நுனிக்கு அருகே ஒன்றுசேர்ந்து லென்ஸைக் கழுவும் சின்ன நாசிலில் முடிகின்றன. பெரும்பாலான மாடல்களில் இவற்றுக்குள் பிரஷ் போகாது. தண்ணீரைப் பாய்ச்சித்தான் சுத்தம் செய்ய முடியும். அதனால்தான் இவற்றில் அழுக்கு காய விடுவது மிகவும் கெட்டது. காய்ந்தபின் தேய்த்தெடுக்க வழியே கிடையாது.

குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பில் பயாப்ஸி சேனல் கொஞ்சம் அகலம், சுமார் 3.7 மில்லிமீட்டர். பல மாடல்களில் தண்ணீரைப் பீய்ச்சுவதற்கென்று தனியாக ஒரு துணைச் சேனலும் உண்டு. அன்று அந்தச் சேனலை டாக்டர் பயன்படுத்தவே இல்லை என்றாலும் கழுவ வேண்டும். நுனி குடலுக்குள் இருந்தபோது திறந்த வாய் வழியாக அழுக்கு ஏறியிருக்கும்.

ஏன் இவ்வளவு பாடு?

வேலை முடிந்து வெளியே வரும் ஸ்கோப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் ஆயிரம் கோடி வரை கிருமிகள் இருக்கலாம். கையால் ஒழுங்காகக் கழுவினாலே அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். சைடெக்ஸ் (குளூட்டரால்டிஹைடு), ஓபிஏ போன்ற கிருமிநீக்க மருந்துகள் செய்வது அதற்குப் பிந்திய வேலை. பாரத்தில் பெரும்பகுதியை இறக்குவது பிரஷும் தண்ணீரும்தான்.

சிலர், "எப்படியும் மருந்தில் ஊறப் போடுகிறோமே, அது கொன்றுவிடாதா?" என்று கேட்பார்கள். குளூட்டரால்டிஹைடு தோல் பதனிடும் தொழிலிலும் பயன்படும் ரசாயனம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதில்லை. புரதத்தைப் பிணைத்துக் கெட்டியாக்குவது அதன் குணம். சேனலில் ரத்தமோ சளியோ மிச்சம் இருக்கும்போது அதை ஊற்றினால், அந்த மிச்சத்தையும் சுவரோடு சேர்த்துப் பதனிட்டுவிடும். அடியில் இருக்கும் கிருமிக்கு நாமே கூரை போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். நாளடைவில் அந்த இடத்தில் பயோஃபிலிம் என்னும் வழவழப்பான படலம் உருவாகும். அது ஒருமுறை ஊன்றிவிட்டால் அகற்றுவது மிகக் கடினம்.

முதல் படி: நோயாளியின் பக்கத்திலேயே

டாக்டர் ஸ்கோப்பை வெளியே எடுத்தவுடன், லைட் சோர்ஸிலிருந்து கழற்றும் முன்பே தொடங்க வேண்டும். டிடர்ஜென்ட் கரைசலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒரே இழுப்பாகத் துடையுங்கள். நுனியைக் கரைசலில் முக்கி சக்ஷன் பட்டனை அழுத்துங்கள். கொஞ்சம் கரைசல், கொஞ்சம் காற்று என்று மாற்றி மாற்றி உறிஞ்ச வேண்டும். குழாயில் வருவது தெளியும்வரை விடாதீர்கள்.

பிறகு காற்று-தண்ணீர் வால்வைக் கழற்றிவிட்டு அதற்கென்றே உள்ள கழுவும் வால்வைப் போடுங்கள். பல மாடல்களில் அழுத்திப் பிடித்து 30 விநாடி தண்ணீர், விட்டுவிட்டு 10 விநாடி காற்று என்று கையேட்டில் இருக்கும். பிரஷ் போகாத சேனலுக்கு இந்த அரை நிமிடம்தான் உயிர்நாடி. அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது விட்டுப்போவதும் இதுதான். துணைத் தண்ணீர்ச் சேனல் இருந்தால் அதிலும் பாய்ச்சிவிடுங்கள்.

அப்புறம் மூடியுள்ள ட்ரேயில், அதிகம் சுருட்டாமல் வளையமாக வைத்து, அழுக்குப் பொருள் என்ற அடையாளத்தோடு கழுவும் அறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ட்ரேயின் மேல் நேரத்தை எழுதுங்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் கையால் கழுவத் தொடங்கிவிட வேண்டும். தாமதமானால் சாதாரண முறை போதாது. தாமதமான ஸ்கோப்புக்கென்று கையேட்டில் தனி முறை இருக்கும், நீண்ட நேரம் ஊறவைக்கச் சொல்வார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, கடைசி கேஸ் முடிந்த கையோடு ரத்த வாந்தியுடன் ஒரு அவசர நோயாளி வந்தார். முந்தைய ஸ்கோப்பைத் துடைத்து ட்ரேயில் வைத்தேன். உறிஞ்சவும் இல்லை, பாய்ச்சவும் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அது மூன்று மணி நேரம் கிடந்தது. கழுவ எடுத்தபோது பிரஷ் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் அழுத்தப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தி, "தள்ளாதப்பா, உள்ள கிழிஞ்சிடும். ஊற விடு" என்றார். தோசை மாவு காய்ந்த கரண்டியை யாரும் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டோம் இல்லையா, ஊறத்தானே போடுவோம்? கையேட்டில் சொன்ன நேரம் ஊறியபிறகு பிரஷ் போனது. வெளியே வந்தபோது நுனியில் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. ஒன்பது முறை இழுத்த பிறகுதான் சுத்தமாக வந்தது. அதே நாளில் காற்று-தண்ணீர்ச் சேனலில் என்ன காய்ந்திருந்தது என்று பார்க்க எங்களுக்கு வழியே இல்லை. அந்த ஸ்கோப்பை ஒதுக்கி வைத்துப் பொறியாளரை அழைத்துக் காட்டிய பிறகுதான் திரும்ப எடுத்தோம். அந்த ஷிஃப்டில் அதற்குப் பொறுப்பு நான். இன்றுவரை எவ்வளவு அவசரம் வந்தாலும் அந்த முப்பது விநாடியை நான் விடுவதில்லை.

இரண்டாம் படி: லீக் டெஸ்ட்

சேனலின் உள்சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், தண்ணீரும் கிருமியும் ஸ்கோப்பின் உடம்புக்குள் புகுந்துவிடும். அங்கே எந்த பிரஷும் போகாது, எந்த மருந்தும் போகாது. ரிப்பேர் செலவும் லட்சத்தில் வரும். ஆகவே ஒவ்வொரு முறையும், முழுதாக முக்கிக் கழுவும் முன், இந்தச் சோதனை கட்டாயம்.

வால்வுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மின் இணைப்புக்கு மூடி தேவைப்படும் மாடல் என்றால் மூடியை இறுக்குங்கள். லீக் டெஸ்டரை இணைத்து, காற்றை முதலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகுதான் தண்ணீரில் முக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் தண்ணீராக இருக்கட்டும். டிடர்ஜென்ட் கலந்தால் நுரைக்கும் குமிழிக்கும் வித்தியாசம் தெரியாது. சேனலுக்குள் தங்கியிருக்கும் காற்றை சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றி வெளியேற்றிவிடுங்கள். நுனியை மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் வளைத்து, கைப்பிடியில் உள்ள பட்டன்களையும் அழுத்திப் பார்த்து, நிதானமாகக் கவனியுங்கள். நேராக இருக்கும்போது மூடியிருக்கும் கீறல் வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். ஒரே இடத்திலிருந்து விடாமல் குமிழி வந்தால் லீக். முதலில் ஸ்கோப்பைத் தண்ணீரிலிருந்து எடுங்கள், அப்புறம்தான் காற்றை இறக்குங்கள். சீனியரிடம் சொல்லுங்கள். ஓட்டை உள்ள ஸ்கோப்பை "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று ஓட்டக்கூடாது.

மூன்றாம் படி: பிரஷ் போடுவது

இதுதான் வேலையின் நடுப்பகுதி. நேரம் அதிகம் செலவாக வேண்டிய இடமும் இதுதான்.

முதலில் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான கிளவுஸ், தண்ணீர் ஊறாத கவுன், மாஸ்க், முகத்தை முழுதும் மறைக்கும் ஷீல்டு. பிரஷ் வெளியே துள்ளும்போது தெறிக்கும் துளி கண்ணுக்குத்தான் வரும். தெறிப்பதைக் குறைக்க எளிய வழி உண்டு: ஸ்கோப்பின் எல்லா வாய்களையும் கரைசலுக்கு அடியிலேயே வைத்து பிரஷ் போடுங்கள்.

கரைசலுக்கு நுரை குறைவான என்சைம் டிடர்ஜென்ட் வேண்டும். "ஒரு மூடி ஊத்து" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொட்டியில் தண்ணீரின் அளவுக்குக் கோடு போட்டுவைத்து, லேபிளில் உள்ள விகிதப்படி டிடர்ஜென்ட்டை அளந்து ஊற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ரத்தத்தில் உள்ள புரதம் முட்டை வெள்ளைக்கரு வெந்ததுபோல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், என்சைமும் கெட்டுவிடும். ஒரு ஸ்கோப்புக்கு ஒரு கரைசல். அடுத்ததற்குப் புதிதாகக் கலக்குங்கள். என்சைம் கிருமியைக் கொல்வதில்லை, அழுக்கைக் கரைக்கத்தான் செய்கிறது. ஆகவே முந்தைய நோயாளியின் கிருமி அந்தத் தொட்டியில் உயிரோடுதான் மிதந்துகொண்டிருக்கும்.

பிரஷின் அளவு முக்கியம். சேனலைவிடச் சிறிய பிரஷ் சுவரைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், பெரியது சிக்கிக்கொள்ளும். எந்த மாடலுக்கு எந்த பிரஷ் என்று எழுதி சுவரில் ஒட்டி வையுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிரஷ் கிடைத்தால் நல்லது. திரும்பப் பயன்படுத்தும் பிரஷ் என்றால் நார் வளைந்திருக்கிறதா, கம்பி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கிய கம்பி சேனலின் உள்சுவரைக் கீறும், அந்தக் கீறலில் கிருமி குடியேறும்.

பெரும்பாலான ஸ்கோப்களில் மூன்று வழியாக பிரஷ் போட வேண்டும்.

1. சக்ஷன் வால்வு இருந்த குழியின் பக்கச்சுவரில் ஒரு வாய் தெரியும். அதில் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் பிரஷை நுழைத்தால் நோயாளிக்குள் போகும் குழாய் வழியாக நுனியில் வெளியே வரும்.

2. அதே குழியில் நேராக நுழைத்தால் கேபிளுக்குள் இறங்கி, லைட் சோர்ஸ் கனெக்டரில் உள்ள சக்ஷன் வாயில் வெளியே வரும். மறந்துபோகும் பாதி என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

3. பயாப்ஸி வாயையும் சக்ஷன் குழியையும் அதற்கென்று உள்ள குட்டையான, அகல பிரஷால் சுழற்றித் தேய்க்க வேண்டும்.

பிரஷ் மறுமுனையில் எட்டிப் பார்த்ததும் அப்படியே பின்னால் இழுக்காதீர்கள். பிடித்துவந்த அழுக்கையெல்லாம் திரும்ப உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகிவிடும். வெளியே வந்த நாரைக் கரைசலுக்குள்ளேயே விரலால் கசக்கிக் கழுவிவிட்டு இழுங்கள். பிறகு மறுபடியும்.

எத்தனை முறை? எண்ணிக்கை சொல்லி முடிக்க முடியாது. பிரஷில் எதுவும் ஒட்டாமல் வரும்வரை. அக்கா ஒரு வெள்ளை காஸ் துணியைப் பக்கத்தில் விரித்து வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் நாரை அதில் ஒற்றிப் பார்ப்பார். கொலோனோஸ்கோப் ஒன்றில் முதல் இரண்டு இழுப்பிலும் துணி வெள்ளையாகவே இருந்தது. நான் பிரஷைக் கீழே வைக்கப் போனேன். அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது இழுப்பில் துணியில் அரிசி முனை அளவு மஞ்சள் கறை விழுந்தது. வளைவில் பிடித்திருந்தது ஊறி அப்போதுதான் விட்டிருக்கிறது. அன்றிலிருந்து, துணி வெள்ளையாக வந்தபிறகும் ஒருமுறை போடுவது என் வழக்கமாகிவிட்டது.

பிரஷ் முடிந்ததும் எல்லாச் சேனல்களிலும் கரைசலை ஏற்றி, லேபிளில் போட்டிருக்கும் நேரம் ஊற விடுங்கள். காற்று-தண்ணீர்ச் சேனலுக்கும் துணைச் சேனலுக்கும் தனித்தனிக் குழாய் இணைப்புகள் தருவார்கள். 30 மில்லி சிரிஞ்சை அதில் மாட்டிப் பாய்ச்சும்போது மறுமுனையில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். சீராகப் பீய்ச்சாமல் சொட்டினால் எங்கோ அடைப்பு. வால்வுகளையும் ரப்பர் மூடிகளையும் மறந்துவிடாதீர்கள். அவற்றிலும் சின்னத் துளைகள் உண்டு. பட்டனை அமுக்கி அமுக்கித் தேய்க்க வேண்டும்.

குடலில் நுரை வராமலிருக்கக் கொடுக்கும் சிமெதிகோன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சிலிகான் கலந்தது, தண்ணீரில் கரையாது. அதைத் தண்ணீர் பாட்டிலில் கலந்துவிட்டால் பிரஷே போகாத சேனலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தேவைப்பட்டால் குறைந்த அளவில், பிரஷ் போடக்கூடிய பயாப்ஸி சேனல் வழியாக சிரிஞ்சில் கொடுப்பது நல்லது. இதை டாக்டரிடம் சொல்லத் தயங்க வேண்டாம். கழுவும் இடத்தில் நிற்பவருக்குத்தான் இது தெரியும், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

பிறகு சுத்தமான தண்ணீரில் அலசி, சேனல்களில் காற்றடித்து, தண்ணீரை வெளியேற்றுங்கள். உள்ளே தண்ணீர் தங்கினால் அடுத்து வரும் மருந்தின் செறிவு குறைந்துவிடும். வசதி இருந்தால் போர்ஸ்கோப் என்னும் மெல்லிய கேமராவைச் சேனலுக்குள் விட்டுப் பார்க்கலாம். முதல்முறை பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். வெளியிலிருந்து புதுசுபோல் இருக்கும் ஸ்கோப்பின் உள்ளே கீறல்களும் கறைகளும் தெரியும்.

நான்காம் படி: கிருமிநீக்கம்

சளிச்சவ்வைத் தொடும் கருவிக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் குறைந்தபட்சம் தேவை. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த பிரிவினை இது. திசுவை வெட்டும் பயாப்ஸி ஃபோர்செப்ஸ் அதற்கு மேற்பட்ட வகை. அதற்கு முழு ஸ்டெரிலைசேஷன் வேண்டும், ஸ்கோப்போடு சேர்த்து மருந்தில் போட்டு எடுத்தால் போதாது.

ஊற்றும் முன் சோதனைத் தாளான ஸ்டிரிப்பை வைத்து மருந்தின் வீரியத்தைப் பாருங்கள். 0.55 சதவீத ஓபிஏ பயன்படுத்தப் பயன்படுத்த நீர்த்துக்கொண்டே போகும். 0.3 சதவீதத்துக்குக் கீழே போனால் கொட்டிவிட வேண்டும். ஸ்டிரிப் சரி என்று காட்டினாலும் 14 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது. ஊறும் நேரம் லேபிளில் உள்ளபடிதான். ஓபிஏக்கு அமெரிக்க லேபிளில் 20 டிகிரியில் 12 நிமிடம், ஆசிய, ஐரோப்பிய லேபிள்களில் 5 நிமிடம் என்று இருக்கும். 2 சதவீத குளூட்டரால்டிஹைடுக்குப் பல மருத்துவச் சங்கங்கள் சொல்வது 20 நிமிடம். வேறு ஆஸ்பத்திரியில் பார்த்த நேரத்தை இங்கே கொண்டுவராதீர்கள். உங்கள் கையில் இருக்கும் புட்டியைப் படியுங்கள்.

எல்லாச் சேனல்களிலும் சிரிஞ்சால் மருந்தை ஏற்றி, மறுமுனையில் குமிழி நிற்கும்வரை ஏற்றிக்கொண்டே இருங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தை மருந்து தொடவே இல்லை என்று அர்த்தம்.

ஊறியபிறகு அலசுவதில் சோம்பல் கூடாது. ஓபிஏ என்றால் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில், சேனல்களுக்குள்ளும் பாய்ச்சி. சேனலில் குளூட்டரால்டிஹைடு தங்கி அடுத்த நோயாளியின் குடலைப் புண்ணாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கடைசி அலசலுக்கு வடிகட்டிய தண்ணீர் வேண்டும், 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாக வந்ததாக இருந்தால் நல்லது. போர்வெல் தண்ணீரைக் குழாயில் பிடித்து அலசினால், கொன்ற கிருமிக்குப் பதிலாகத் தண்ணீரில் வாழும் சூடோமோனாஸை நாமே உள்ளே விடுகிறோம். உப்புத் தண்ணீராக இருந்தால் சேனலில் வெள்ளைப் படிவும் சேரும்.

குளூட்டரால்டிஹைடு ஆவி ஆஸ்துமாவைத் தூண்டும். ஓபிஏ தோலில் பட்டால் சாம்பல் நிறக் கறை பிடிக்கும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூம் பக்கத்து மூலையில் இந்த வேலையைச் செய்யச் சொன்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சரி, மெஷின் இருக்கும் இடத்தில்? கழுவும் மெஷின் நான்காம் படியை நன்றாகவே செய்யும். அதற்காக முதல் மூன்று படிகளை விட்டுவிட முடியாது. மெஷினில் போடும்போது அந்த மாடலுக்கான சரியான இணைப்புக் குழாய்களை மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு குழாய் கழன்றிருந்தாலும் அந்தச் சேனலுக்கு மருந்து போகாது.

டியோடினோஸ்கோப்: தனிக் கவனம்

ஈஆர்சிபி என்னும் பித்தக்குழாய் வேலைக்கான ஸ்கோப்தான் டியோடினோஸ்கோப். அதன் நுனியில் எலிவேட்டர் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். உள்ளே போகும் கம்பியை மேலே தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. அதன் பின்புறச் சந்து கண்ணுக்கும் எட்டாது, பெரிய பிரஷுக்கும் எட்டாது.

2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ரொனால்ட் ரீகன் யுசிஎல்ஏ மருத்துவமனை, இந்த வகை ஸ்கோப் பயன்படுத்தப்பட்ட 179 பேருக்குத் தகவல் அனுப்ப நேர்ந்தது. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத சிஆர்ஈ கிருமி 7 பேருக்குத் தொற்றியிருந்தது, அவர்களில் இருவரின் மரணத்துக்கு அது ஒரு காரணம் என்று மருத்துவமனையே சொன்னது. கம்பெனி சொன்னபடிதான் ஸ்கோப்பைக் கழுவினோம் என்றார்கள். அதே மாதம் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த நுனியின் சிக்கலான வடிவமே முழுமையாகச் சுத்தம் செய்வதற்குத் தடையாக இருக்கலாம் என்று எச்சரித்தது. 2019-ல், நுனிப்பகுதியைக் கழற்றித் தூக்கிப்போடும் மாடல்களுக்கு மாறும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது.

பழைய மாடல்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், எலிவேட்டரை முழுதாகத் தூக்கிய நிலையில் ஒருமுறை, இறக்கிய நிலையில் ஒருமுறை, அதற்கென்ற சின்ன பிரஷால் முன்னும் பின்னும் தேயுங்கள். கரைசலுக்குள் வைத்து ஏற்றி இறக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புதியவர் தனியாக இதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது இருபது முப்பது முறையாவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஆபரேஷன் தியேட்டரின் துளைக் கருவிகள்

சக்ஷன் முனைகள், கேனுலாக்கள், லேப்ராஸ்கோப்பிக் கருவிகள், மூட்டுக்குள் வேலை செய்யும் ஷேவர் கைப்பிடிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதேதான்: காய விடாதே, சரியான அளவு பிரஷ், கரைசலுக்கடியில் தேய், மறுமுனையில் பார். இவை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போகின்றன என்பதால் ஓர் அசட்டை வந்துவிடும். 2009-ல் எஃப்டிஏ ஷேவர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது. கழுவி முடித்த ஷேவரின் உள்ளேயும் திசுத் துணுக்குகள் மிஞ்சியிருந்தன. கழற்றக்கூடிய பாகத்தைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

கடைசிப் படி: உலர்த்துவது

இங்கே விதி தலைகீழாகிறது. இதுவரை காயக்கூடாது என்றேன், இனி ஈரம் கூடாது.

சேனல்களில் 70 சதவீத ஆல்கஹாலைப் பாய்ச்சுவது பல இடங்களில் வழக்கம், சில நாடுகளில் இப்போது அதைச் செய்வதில்லை. உங்கள் யூனிட்டின் முறைப்படி செய்யுங்கள். அதைவிட முக்கியம் காற்று. மருத்துவத் தரத்தில் வடிகட்டிய காற்றை ஒவ்வொரு சேனலிலும் செலுத்த வேண்டும். 2021-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் குறைந்தது 10 நிமிடம் என்கிறது. சிரிஞ்சால் நாலு தடவை ஊதுவது உலர்த்துவது ஆகாது. நுனியில் சொட்டு நின்றுவிட்டாலும் உள்வளைவில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். தப்பிய ஒன்றிரண்டு கிருமிகளுக்கு ஓர் இரவு ஈரம் கிடைத்தால் போதும், காலைக்குள் பெருகிவிடும்.

வால்வுகளைப் போடாமல், தரையைத் தொடாமல், செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். ஸ்கோப் வந்த சூட்கேஸில் வைக்கவே கூடாது. அதன் உள்பஞ்சு ஈரத்தையும் கிருமியையும் வாங்கி வைத்துக்கொள்ளும். எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான் அந்தப் பெட்டி.

பதிவேட்டில் நோயாளி எண், ஸ்கோப் எண், வெளியே எடுத்த நேரம், கழுவத் தொடங்கிய நேரம், லீக் டெஸ்ட், ஸ்டிரிப் முடிவு, உங்கள் கையெழுத்து. எல்லாவற்றையும் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பும் பதிவேடு, நாளை ஒரு நோயாளிக்குத் தொற்று வந்து எந்த ஸ்கோப் என்று தேடும்போது உதவாது.

காலையில் முதல் கேஸுக்கு ஸ்கோப்பை எடுக்கும் முன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நுனிக்குக் கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, பயாப்ஸி வாய் வழியாகக் காற்றைச் செலுத்துவேன். துணியில் ஈரப்புள்ளி விழுந்தால் அந்த ஸ்கோப் அன்று காலை நோயாளியிடம் போகாது. முழுதாகத் திரும்பக் கழுவி, கிருமிநீக்கி, உலர்த்திய பிறகுதான் போகும். டாக்டரிடம் காத்திருக்கச் சொல்ல நேரும், அல்லது வேறு ஸ்கோப்பை எடுத்துக் கொடுக்க நேரும். முந்தைய நாள் மாலை உலர்த்தியவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்து, அவரை அழைத்து அந்தத் துணியைக் காட்டுவேன்.